நூலோடு நூல் கோத்தல்
(வாசகர் வட்டத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா ஆண்டில் பேச எழுவோர் சங்கத்தின் வளர்ச்சியைப் பற்றியும், உதவித்தொகை பெற்று உயர்ந்த மாணாக்கர்களைப் பற்றியும் எடுத்துரைப்பது மரபு. அவற்றை நமக்கு முன் பேசியவர்கள் செவ்வனே பேசிவிட்டனர். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் சிறியது. கொஞ்சம் சங்கடமானதும் ஆகும். சென்ற ஏப்ரல் 14 அன்று, அண்ணல் அம்பேத்கரின் பிறந்த நாளில், வாசகர் வட்டத்தினர் ஒவ்வொருவரும் ஓர் அட்டையில் பெயரெழுதி, இவ்வாண்டில் இத்தனை நூல்களைப் படித்து முடிப்பேன் என்று உறுதி கூறிப் பெட்டியில் இட்டோம் அல்லவா? அந்தப் பெட்டி இன்று காலை திறக்கப்பட்டது. அதில் கண்டவற்றை உங்கள் முன் வைக்குமாறு செயற்குழு பணித்திருக்கிறது.

பிறர் குறையைச் சொல்லுமுன் நம் குறையைச் சொல்லிவிடுவதே முறை. நம் அட்டையில் 24 என்று எழுதியிருந்தோம். முடித்தவை 11. அவற்றிலும் 4 நூல்கள் ஒரே மாலையில் படித்து முடிக்கத்தக்க சிறு வெளியீடுகள். ஆண்டின் தொடக்கத்தில் மாதத்திற்கு இரண்டு என்று கணக்குப் போட்ட மனம், மழைக்காலம் வந்ததும் கணக்கை மறந்தது. மார்கழியில் நினைவு வந்தபோது, எண்ணிக்கையை நிரப்புவதற்காக மெலிந்த நூல்களைத் தேடி அலமாரியில் கை வைத்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்த வெட்கத்திலிருந்துதான் இன்றைய பேச்சு பிறந்தது.

மற்ற அட்டைகளுக்கு வருவோம். பெரும்பாலோர் எழுதியதில் பாதியை எட்டவில்லை. ஓர் இளைஞர் 40 எழுதி 43 முடித்திருந்தார். பட்டியலை விரித்துப் பார்த்தால், அத்தனையும் போட்டித் தேர்வு வழிகாட்டிகள்! அவையில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம். பிறகு அது தவறென்று பட்டது. அவர் இரவு ஷிப்டு பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர். பகலில் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு, அரசு வேலை ஒன்றைக் குறிவைத்துப் படிக்கிறார். அந்தப் படிப்புக்கு நாம் தலைவணங்க வேண்டும், நகைக்கலாகாது. அந்த 43 நூல்களும் தேர்வு முடிந்த மறுநாள் அவரோடு பேசுமா என்பது மட்டுமே நம் கேள்வி. அவரும் அதையே நம்மிடம் கேட்டார்.

இன்னோர் அட்டையில் ஒன்று என்னும் எண் மட்டும் இருந்தது. எழுதியவர் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். எழுதியபடி ஒன்றையே முடித்திருந்தார். பெரியபுராணம், உரையோடு கூடியது. இந்த ஆண்டின் உண்மையான வாசிப்பு அனைத்தும் அந்த ஒற்றை அட்டையிலிருந்துதான் கிளைத்தது என்றால் நீங்கள் வியப்படையக்கூடும். அது நிகழ்ந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

ஆடி மாதக் கூட்டத்தில் அந்தப் பெரியவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். “நந்தனாரைக் கொடுமைப்படுத்திய அந்த ஆண்டை சேக்கிழாரிடத்தில் எங்கே? புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், காணோமே!” என்றார். அவர் நந்தனார் கதையை அறிந்தது இளம் வயதில் டென்ட் கொட்டகையில். 1942-இல் ஜெமினி நிறுவனம் எடுத்து, தண்டபாணி தேசிகர் நடித்த படம் அது. அதில் பண்ணையாரான வேதியர் வருகிறார். பயிரை விளைவித்து முடித்தால்தான் சிதம்பரம் போகலாம் என்று தடுக்கிறார். சேக்கிழாரிடத்திலோ அப்படி ஒருவரும் இல்லை. ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்து, திருப்புன்கூரில் வாயிலுக்கு வெளியே நின்று வணங்கி, நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று நாள் கழித்து, இறுதியில் தில்லையில் தீயில் மூழ்கி எழுந்த ஓர் அடியார் மட்டுமே இருக்கிறார்.

அந்த ஆண்டை எங்கிருந்து வந்தார்? விடை தேடிச் சென்றவர்கள் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்கு வந்து சேர்ந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், தஞ்சை மண்ணின் பண்ணையாள் முறையைக் கண்ணெதிரே கண்டிருந்த அந்த இசைவாணர்தாம் வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தார். அதாவது, 12-ஆம் நூற்றாண்டு நூலில் இல்லாத பண்ணையார் 19-ஆம் நூற்றாண்டு நூலில் தோன்றினார். நமக்கு ஒரே கதையாகத் தெரிந்தது இரண்டு காலத்தின் இரண்டு கதைகள்! ஒரு நூலை மட்டும் படித்தவருக்கு இது தெரியாது. இரண்டையும் தனித்தனியே படித்து, இரண்டு என்று அட்டையில் எண்ணிக்கை போட்டவருக்கும் தெரியாது. இரண்டையும் அருகருகே வைத்தவருக்குத்தான் தெரியும். பின்னர் 1934-இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘புதிய நந்தன்’ சிறுகதையும் அதே வரிசையில் வந்து அமர்ந்தது.

இதற்கடுத்த கண்ணியைக் கோத்தவர் கல்லூரியில் பயிலும் நம் தங்கை ஒருவர். அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதார்’ என்னும் ஆய்வு நூலின் காணிக்கைப் பக்கத்தை அவர் கூட்டத்திற்குக் கொண்டுவந்தார். அந்நூல் தீண்டப்படாதாரிடையே பிறந்த மூன்று அருளாளர்களின் நினைவுக்குக் காணிக்கை ஆக்கப்பட்டிருக்கிறது: நந்தனார், ரவிதாசர், சொக்கமேளர். மராட்டியத்தில் வளர்ந்த மேதை, தம் நூலின் வாயிலில் நம் கொள்ளிடக் கரைக்காரரின் பெயரை முதலாவதாக எழுதியிருக்கிறார். நம்மில் பலரிடம் அந்நூல் ஆண்டுக்கணக்கில் இருந்தும், காணிக்கைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர் அன்றுவரை ஒருவருமில்லை. நாமும் பார்த்ததில்லை. முகவுரையையும் காணிக்கையையும் தாண்டிக் குதித்து முதல் அத்தியாயத்தில் விழுவது நம் எல்லோருக்கும் உள்ள நோய்.

அந்நூலின் கருத்து நீங்கள் அறிந்ததே. பழங்குடிக் கூட்டங்களிலிருந்து சிதறுண்டு ஊருக்குப் புறத்தே குடியேறிய மக்கள் பௌத்தத்தைப் பற்றி நின்றமையாலும், மாட்டிறைச்சியைக் கைவிடாமையாலும் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்டனர் என்பது அண்ணலின் முடிபு. அதைக் கேட்டதும் இன்னொரு தோழர், “இதையேதானே அயோத்திதாசப் பண்டிதர் அதற்கு முன்னரே எழுதினார்?” என்றார். ஆம். 1845-இல் பிறந்து 1914-இல் மறைந்த பண்டிதர், 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பிச் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 முதல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார ஏட்டை நடத்தினார். அந்த ஏட்டில் தொடராக வந்த ‘இந்திரர் தேச சரித்திரம்’ இந்நாட்டின் ஆதிக்குடிகளைப் பூர்வ பௌத்தர் என்கிறது. அதில் நந்தன் தீயில் இறங்கிய அடியார் அல்லர். சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட பௌத்த மன்னர்! நம் பெரியவர் ஆடி மாதம் தேடிய நந்தன், ஐப்பசியில் வேறொரு மகுடம் சூடிக்கொண்டு வந்து நின்றார்.

இங்கே ஒரு தடுப்புச் சொல் சொல்லியாக வேண்டும். அண்ணல் பண்டிதரைப் படித்துத்தான் எழுதினார் என்று நம் மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. அப்படிச் சொல்ல நாம் துணியோம். ஆனால் இருவருக்கும் நடுவே உறுதியான கண்ணி ஒன்று உண்டு. பண்டிதரோடு சாக்கைய பௌத்த சங்கத்தில் தோளோடு தோள் நின்றவர் சென்னைப் பேராசிரியர் பொ. லட்சுமி நரசு. ‘தமிழன்’ பிறந்த அதே 1907-இல் அவர் ‘பௌத்தத்தின் சாரம்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். அந்நூல் 1948-இல் மீண்டும் அச்சேறியபோது அதற்கு முன்னுரை எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். பௌத்தத்தைப் பற்றி நல்ல நூல் ஒன்றைச் சொல்லுமாறு பலர் தம்மைக் கேட்பதாகவும், இந்நூலைப் பரிந்துரைக்கத் தமக்குத் தயக்கமில்லை என்றும் அதில் குறிப்பிடுகிறார். நந்தனாருக்குக் காணிக்கையான நூலும், நரசுவின் நூலுக்கு முன்னுரையும் ஒரே 1948-இல்! இராயப்பேட்டையில் கூடிய ஒரு சிறு சங்கத்தின் சிந்தனை, ஒரு நூலின் முதுகில் ஏறி வடக்கே சென்று சேர்ந்த வழி இது.

பண்டிதர் தரும் சொல்லாராய்ச்சிகளைக் கல்வெட்டுச் சான்றாகக் கொண்டு வாதாடவும் நாம் இளைஞர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. அண்ணலே ‘தீண்டப்படாதார்’ முகவுரையில், மெய்ந்நிகழ்ச்சிகளின் சங்கிலியில் இன்னும் அகப்படாத கண்ணிகள் இருக்குமிடத்தில் ஆராய்ச்சியாளன் தன் கற்பனையையும் உள்ளுணர்வையும் கொண்டு இடைவெளியை இணைக்க நேரிடும் என்று வெளிப்படையாகக் கூறிவிட்டுத்தான் மேலே செல்கிறார். அந்த நேர்மையை நாமும் கைக்கொள்ளலாம்.

அண்ணலுக்கு பௌத்தம் அறிமுகமானதும் ஒரு நூலால்தான். அவர் மாணவராய்த் தேர்ச்சி பெற்றபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். ஒரு பரிசுப் புத்தகம்! அது 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரித் தீட்சையில் வந்து முடிந்தது. 1957-இல் அண்ணல் மறைந்தபின் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் வந்து முடிந்தது. நம் சங்கத்தின் பரிசளிப்பு விழாவில் எவர்சில்வர் தட்டுகளுக்குப் பதிலாக நூல் கொடுக்க வேண்டும் என்று நாம் ஆண்டுதோறும் நச்சரிப்பதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

நாள்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சிறு செய்தி. நாகபுரித் தீட்சைக்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, 1956 நவம்பர் 14 அன்றுதான் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மே 20 அயோத்திதாசப் பண்டிதர் பிறந்த நாள்! இவை தற்செயல் ஒற்றுமைகளே. இவற்றின்மேல் எதையும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் சுரங்கத்திற்கும் பண்டிதருக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. அவர் மறைந்த பின் அவர் எழுத்தை அழியாது காத்தவர்களுள் முதன்மையானவர்கள் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள். வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து பிழைக்கப் போனவர்கள் அவர்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை அமைத்தார்கள். 1926-இல் ‘தமிழன்’ ஏட்டை ஜி. அப்பாதுரையார் அங்கிருந்து மீண்டும் நடத்தினார். பண்டிதரின் நூல்களை அங்குள்ள சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. ஆழ்குழியில் இறங்கி ஏறிய கைகள் பாதுகாத்த அந்த எழுத்துகளைத்தான் ஞான. அலாய்சியஸ் 1999-இல் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிக்கொணர்ந்தார். தங்கவயல் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. புத்தகங்கள் இருக்கின்றன. நாமும் சுரங்க ஊர்க்காரர்கள்; நம்மிடம் எதை ஒப்படைத்தால் காப்போம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நிற்க. அட்டைகளுக்குத் திரும்புவோம். படிக்காமைக்குக் கூறப்பட்ட காரணங்கள் பல. கைப்பேசி என்று பலர் எழுதியிருந்தனர். அதைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டாம் ஷிப்டு முடித்து இரவு 10 மணிக்கு மேல் வீடு திரும்பும் தோழர் ஒருவர், “நம் படிப்பகம் 8 மணிக்கே பூட்டப்படுகிறது, நான் எப்போது வந்து நூல் எடுப்பது?” என்று எழுதியிருந்தார். இதற்கு நம்மிடம் விடையில்லை. மூன்று ஷிப்டுகளில் ஓடும் ஊரில், அலுவலக நேரம் பார்த்துப் படிப்பகம் நடத்தியது நம் பிழை. சகோதரிகளின் அட்டைகள் இன்னும் கடுமையானவை. “படிக்க உட்கார்ந்தால், வேலை இல்லையா என்று கேட்கிறார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்டவர்கள் யார்? இந்த அவையில் அமர்ந்திருக்கும் நாம்தாமே!

இந்த இடத்தில் ஒரு சச்சரவையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1998 முதல் நம் ஊரில் நடந்துவந்த புத்தகக் கண்காட்சியில் வாங்கிச் சேர்த்த நூல்களுள் பாமாவின் ‘கருக்கு’ ஒன்று. 1992-இல் வந்தது. அதைப் படித்த சகோதரிகள் அடுத்து சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ நாவலை எடுத்தனர். 1989-இல் வந்த நூல். பிற்காலத்தில் அதே நாவலை ஆசிரியரே திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்கும் ‘ஆசிரியர் குறிப்பு’ என்னும் நூலையும் எழுதியிருப்பது கண்டு வியந்தனர். தான் எழுதியதைத் தானே விசாரிக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அதுவரை எல்லாம் நலமே. அடுத்து இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வந்தது. விருத்தாசலம் பக்கத்து எழுத்தாளர். 1994-இல் வெளிவந்த நாவல். நம் மக்களுக்குத் துணி வெளுத்து, நம் வீட்டு நல்லது கெட்டதுகளுக்கு உழைத்து, நம் வாசலில் சோறு வாங்கி உண்ட புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் ஆரோக்கியத்தின் கதை அது. அதில் கொடுமை செய்வோர் வரிசையில் நிற்பவர்கள் வேறு யாருமல்லர், நாமேதாம்.

“நம் படிப்பகத்தில் நம்மைக் குற்றம் சொல்லும் நூல் எதற்கு?” என்று மூத்தவர் ஒருவர் சினந்தார். அவர் சினத்தை நாம் மதிக்கிறோம். ஊரார் நம்மைச் சொன்ன சொற்களை வாழ்நாள் முழுதும் கேட்டவர் அவர். ஆயினும் அந்நூலை அலமாரியிலிருந்து எடுக்க நாம் உடன்படவில்லை. அண்ணல் சாதியை ஒரு படிக்கட்டாக அல்லவா கண்டார்? ஏறுமுகமாக மதிப்பும் இறங்குமுகமாக இழிவும் அமைந்த அடுக்கு அது. ‘சாதி ஒழிப்பு’ நூலைப் படித்து மேல்படியில் நிற்பவரை நோக்கிக் கை நீட்டிய நாம், ‘கோவேறு கழுதைகள்’ படித்துக் கீழ்ப்படியில் இருப்பவரைக் குனிந்து பார்க்க மறுத்தால், முதல் நூலைப் படித்ததாக எப்படிச் சொல்லிக்கொள்வது? ஈழத்து கே. டானியல் 1972-இல் எழுதிய ‘பஞ்சமர்’ நாவலில் வண்ணாரும் அம்பட்டரும் பள்ளரும் நளவரும் பறையரும் ஒரு பெயரின்கீழ் நிற்கிறார்கள். அந்த ஒரு பெயருக்கு நாம் தகுதியுடையவர்கள்தாமா? அந்தக் கூட்டம் முடிய இரவு வெகுநேரமாயிற்று. முடிவு எட்டவில்லை. மூத்தவர் நாவலை வாங்கிக்கொண்டு போனார். இதுவரை திருப்பித் தரவில்லை. படித்துக்கொண்டிருக்கிறார் என்றே நம்புகிறோம்.

அடுத்த ஆண்டுக்கு என்ன செய்வது? எண்ணிக்கையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இலக்கில்லாவிட்டால் நம் போன்ற சோம்பேறிகள் 11 நூலைக்கூடத் தொட்டிருக்க மாட்டோம். ஆனால் சுரங்கத்தில் வெட்டிய பழுப்பு நிலக்கரி, கன்வேயர் பெல்ட்டில் ஏறி அனல் மின் நிலையம் போய்ச் சேர்ந்தால்தான் விளக்கு எரியும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆகவே புதிய அட்டையில் ஒரு பக்கம் எண். மறுபக்கம் மூன்று கோடுகள். இந்நூலுக்கு என்னை அழைத்து வந்த நூல் அல்லது ஆள் எது. இந்நூல் எதனோடு உடன்படுகிறது அல்லது சண்டையிடுகிறது. படித்து முடித்த பின் எஞ்சிய கேள்வி என்ன. தேர்வு வழிகாட்டி படிக்கும் தம்பிக்கும் இது பொருந்தும். வழிகாட்டியில் ஒற்றை வரியாக வரும் இரட்டைமலை சீனிவாசன், 1939-இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்று தம் வாழ்வைத் தாமே எழுதியிருக்கிறார். சிறிய நூல். வழிகாட்டியிலிருந்து அதற்குப் போக ஒரே ஒரு நாள் போதும்.

அதிக நூல் முடித்தவருக்குத் தரும் பரிசை இவ்வாண்டோடு நிறுத்தலாம் என்பது நம் தனிக்கருத்து. அதைச் செயற்குழு முடிவு செய்யட்டும். படிப்பகத்தை வாரத்தில் மூன்று நாள் இரவு 11 வரை திறந்து வைக்க நால்வர் முறை வைத்துக்கொள்ள முன்வந்துள்ளனர். இன்னும் இருவர் தேவை. கோடை விடுமுறையில் ஒரு நாள் சிதம்பரம் சென்று, சுவாமி சகஜானந்தர் 1916-இல் தொடங்கிய நந்தனார் பள்ளியைப் பார்த்து வரவும் எண்ணம். நந்தனைப் பற்றி இத்தனை நூல்களைக் கோத்துவிட்டு, அவர் பெயரால் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த கட்டடத்தைப் பார்க்காமல் இருப்பது சரியன்று. பெரியபுராணப் பெரியவர் முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்துவிட்டார்.

நம் புதிய அட்டையில் 9 என்று எழுதியிருக்கிறோம். முதல் நூல், சென்ற ஆண்டு பாதியில் மூடிய ‘புத்தரும் அவர் தம்மமும்’. அட்டைகள் வாயிலருகே மேசைமேல் இருக்கின்றன, பேனாவும் இருக்கிறது. படிப்பகத்தின் ‘தீண்டப்படாதார்’ பிரதி கார்த்திகை மாதத்திலிருந்து காணவில்லை. யாரிடம் இருந்தாலும் இந்த வாரத்துக்குள் கொண்டுவந்து கொடுங்கள்; அதற்காக இருவர் காத்திருக்கிறார்கள்.

ஜெய் பீம்!